குழாய்க்கு வைத்த கதவு

சோற்றுக்காக நான் எத்தனையோ வேலைகளில் சேர்ந்திருக்கிறேன். சோறு சூடாகக் கிடைக்கிறது என்பதற்காகவே ஒரு வேலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது ஒரே ஒரு இடத்தில்தான். திண்டுக்கல்லிலிருந்து ஆத்தூர் போகிற பாதையில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருந்த ஒரு எரிவாயு ஆலை அது.

ஆலை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒட்டன்சத்திரம் சந்தையில் விலை போகாத தக்காளியும் முட்டைக்கோசும் லாரியில் வந்து இறங்கும். கோழிப்பண்ணை எச்சமும் சாணமும் டிராக்டரில் வரும். எல்லாவற்றையும் கரைத்து மூடிய தொட்டிகளில் ஊற விட்டால் அது நொதித்து வாயு விடும். அந்த வாயுவைக் கழுவி, அழுத்தி, உருளைகளில் அடைத்து வண்டிகளுக்கு அனுப்புவார்கள். நாற்றம் உண்டு. ஆனால் நான் அதற்கு முன்னால் தோல் கிடங்கில் உப்புத் தட்டியவன். இந்த நாற்றம் எனக்குப் பூங்கா மாதிரி இருந்தது.

ஒன்பதாம் வகுப்பில் பள்ளியை விட்டவன் நான். பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தேன், தோல் கிடங்கு, லாரி கிளீனர், சின்னாளப்பட்டியில் சாயப்பட்டறை என்று ஓரிடத்தில் நிற்காமல் சுற்றினேன். பிறகு ஒரு கான்ட்ராக்டர் ஆள் பிடிக்க வந்தார். பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலையில் ஷட்டவுன் வேலை என்றார். ஆலையை நிறுத்தி, டவர்களையும் குழாய்களையும் திறந்து பார்த்து, பழுது நீக்கி, மறுபடி ஓட விடுவதற்குப் பெயர் ஷட்டவுன். கடலோரமாக ஒவ்வொரு ஆலையாகப் போனோம். தகரக் கொட்டகையில் படுக்கை, வரிசையில் நின்று குளியல். எனக்கு அது பிடித்திருந்தது. வேலை முடிந்ததும் கிளம்பிவிடலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

அங்கேதான் கேஜ் பிடிக்கக் கற்றேன். குழாயின் வெளிப்பக்கத்தைத் துருவும் பெயின்ட்டும் போகத் தேய்த்து, கொஞ்சம் ஜெல் தடவி, விரல் அளவு குமிழ் ஒன்றை அதன்மேல் வைத்தால், உள்ளே இரும்பு இன்னும் எவ்வளவு தடிமன் மிச்சம் இருக்கிறது என்று கையிலிருக்கும் பெட்டி சொல்லிவிடும். அறுக்காமல் கொள்ளாமல் அறிகிற வேலை. அதிகம் தேய்ந்திருப்பது எப்போதும் வாயு கழுவும் பகுதியில்தான். அமைன் என்றொரு திரவம் வாயுவிலிருக்கும் அமிலக் கழிவை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அந்தத் திரவத்தைக் காய்ச்சி, உறிஞ்சியதைக் கக்க வைப்பார்கள். கக்கிய வாயு போகிற பாதையில் சாதாரணக் கார்பன் ஸ்டீல் இருந்தால் சும்மா விடாது. குழாய் வெளியே மாப்பிள்ளை மாதிரி நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

அங்கே ஒருவர் வடிகால் வால்வைத் திறக்கக் குனிந்தார். அப்படியே படுத்துக்கொண்டார். அமைன் கக்குகிற, அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு அது. கொஞ்சமாக வந்தால் நாறும், அதிகமாக வந்தால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. அவர் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்தவர்களில் நானும் ஒருவன். அவர் எழுந்திருக்கவில்லை. அன்று மதியம் எலுமிச்சைச் சோறு கொடுத்தார்கள், சாப்பிட்டோம். வேறு என்ன செய்ய?

ஊர்ப்பக்கம் வந்து இந்தச் சின்ன ஆலையில் சேர்ந்தபோது, கடலோரத்தில் பார்த்த அதே இரண்டு டவர்களைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. யானையின் குட்டி மாதிரி நின்றன. ஒன்றில் அமைன் வாயுவைக் கழுவும், மற்றொன்றில் அமைன் கொதிக்கும். கொதிக்கிற டவரின் உச்சியிலிருந்து ஒரு குழாய் இறங்கி, ஆள் மார்பளவு உயரத்தில் படுக்கையாக ஓடி, குளிர்விப்பானுக்குள் போகும். அதற்குள் போவது நீராவியும் அந்தக் கெட்ட வாயுவும்தான். சூடு வெளியேறாமலிருக்க, குழாயைச் சுற்றிக் கிளாஸ் வூல் வைத்து, அதன்மேல் அலுமினியத் தகடு சுற்றியிருந்தது.

அந்தத் தகட்டில் ஒரு கதவு இருந்தது.

கதவு என்றால் கதவேதான். கீல் வைத்து, கொண்டி வைத்து, சின்னப் பூட்டும் தொங்கியது. திறந்தால் உள்ளே கிளாஸ் வூல் கிடையாது. வெறும் குழாய், அதன்மேல் அழகாக வளைத்துப் பொருத்திய ஒரு கம்பிச் சல்லடை. அதில் எல்லாருடைய டிபன் பாக்ஸும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். முன்பிருந்த பிட்டர் பூட்டுத் தொழில் குடும்பத்துக்காரராம். வேறு ஊரில் என்றால் தகட்டைக் கிழித்து அப்படியே விட்டிருப்பார்கள். திண்டுக்கல்காரர் அல்லவா, கீல் இல்லாமல் அவருக்கு மனசு ஒப்பவில்லை. கதவைச் செய்து முடித்துப் பாராட்டெல்லாம் வாங்கிக்கொண்டு வளைகுடாவுக்குப் போய்விட்டார். மேலிடத்திலிருந்து யாராவது பார்வையிட வந்தால் கதவைச் சாத்திப் பூட்டிவிடுவார்கள். பார்க்க வெறும் தகடாகத் தெரியும்.

சாவி ஓர் அக்காவிடம் இருந்தது. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பெருக்கும் வேலைக்குத்தான் சேர்த்திருந்தார்கள். ஆனால் அந்தச் சாவி இடுப்புக்கு வந்த பிறகு ஆலையில் அவருக்கு இருந்த மரியாதை மேனேஜருக்கே இல்லை. நான் சேர்ந்த அன்றே என்னைப் பிடித்துக்கொண்டார்.

“அப்பு, சோறு கொண்டாந்தியா?”

“கடையில வாங்கினதுதாங்க்கா. பொட்டலம்.”

“பொட்டலத்தக் குடு. சட்டியில மாத்திச் சூடு பண்ணித் தாரேன். ஆறின சோறு தின்னா வேலைக்காரனா? விருந்தாளிதேன் அப்படித் திம்பான், வெக்கப்பட்டுக்கிட்டு.”

மதியம் அந்தச் சோறு ஆவி பறக்க வந்தது. அன்றைக்கே கொஞ்ச நாள் இருந்து பார்ப்போம் என்று முடிவு செய்துவிட்டேன்.

எனக்கு மேலே ஒரு இன்ஜினியர் இருந்தார். திண்டுக்கல் டவுனில் தோல் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்துப் பெண், என்னைவிட வயதில் சின்னவர். நான் மேடம் என்பேன், அவர் அண்ணே என்பார். மழைக்காலத்துக்கு முன்னால் குழாய்களின் தடிமனை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஒரு கேஜை வாடகைக்கு வாங்கி வந்தார். பழகியவன் நான் என்பதால் என் கையில் கொடுத்தார்.

எங்கே தொடங்குவது? டவர் உச்சிக்குச் சாரம் கட்ட வேண்டும். மற்ற இடங்களில் தகட்டைக் கழற்ற வேண்டும். சாரமும் வேண்டாம், கழற்றவும் வேண்டாம் என்றிருந்த ஒரே இடம் அக்காவின் கதவுதான். சோம்பேறித்தனம் சில சமயம் நல்ல இடத்தைக் காட்டும். காலையில் பாக்ஸ்கள் ஏறும் முன்னால் போய்ச் சல்லடையை எடுத்துவிட்டு ஜெல்லைத் தடவினேன். அக்கா பக்கத்தில் வந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“என்னப்பு, கொழாய்க்கு ஸ்கேன் எடுக்கிறியா?”

“ஆமாங்க்கா.”

“ஆணா பொண்ணா, சொல்லு.”

“அதச் சொன்னா என்னய உள்ள தூக்கிப் போட்ருவாங்க.”

சிரித்துக்கொண்டே குமிழை மேலே வைத்தேன். சரியாக இருந்தது. பக்கவாட்டில் கொஞ்சம் குறைந்தது. அடிப்பக்கம் வைத்தேன். பாதிக்கும் கீழே காட்டியது. சிரிப்பு நின்றது.

ஆனாலும் எனக்கே சந்தேகம்தான். குழாய் கொதிக்கிறது, ஜெல் தடவியதுமே காய்ந்து நுரைக்கிறது. சூட்டில் கேஜ் ஏறுமாறாகச் சொல்லும். மேடம் வந்து அவரும் வைத்துப் பார்த்தார். ஒருமுறை அதே எண், ஒருமுறை எண்ணே இல்லை.

“அடியில பழுப்பா வழிஞ்சிருக்கே, என்னண்ணே அது?” என்று குனிந்து பார்த்தார்.

நான் சொல்லும் முன்னால் அக்கா சொன்னார். “அது கொழம்பும்மா. மேனேஜர் சாரு வீட்டுப் புளிக்கொழம்பு. மூடி சரியில்ல, தெனமும் வழியும். தொடச்சாலும் போகாது.”

நாங்கள் நம்பினோம். ஆலையில் எல்லாரும் நம்பினார்கள். மேனேஜர் வீட்டுக் குழம்பு அப்படிப்பட்டதுதான்.

மேனேஜர் ஒட்டன்சத்திரத்துக்காரர். பொறுமையாகக் கேட்டார். “ஏனுங்க மேடம், கேஜே சூட்டுல தப்பாக் காட்டும்னு நீங்களே சொல்றீங்க. தீபாவளி கழிச்சு எப்படியும் நிறுத்தப் போறமுங்க. அப்ப ஆற வெச்சுப் பாத்துக்கலாமுங்களே. இப்ப நிறுத்துனா வண்டிக்காரங்களுக்கு என்ன பதில் சொல்றதுங்க?”

மேடத்துக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் கையில் உறுதியான எண்ணும் இல்லை. அதுவரை அந்தக் குழாய்ப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று சிவப்பு நாடா கட்டச் சொன்னார். நான் நன்றாகவே கட்டினேன்.

மறுநாள் நாடா அழகாக மடித்துத் தூணில் செருகியிருந்தது. கதவு திறந்திருந்தது. டிபன் பாக்ஸ்கள் வரிசையில் இருந்தன. அக்கா உள்ளே தலையை விட்டு ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்ததும் எனக்கு அந்த வடிகால் வால்வு ஞாபகம் வந்துவிட்டது. குனிந்த முதுகு அதே மாதிரி இருந்தது.

“அக்கா, வெளிய வாங்க. அங்க நிக்காதீங்க.”

“ஏன், கொழாய் கடிச்சிருமா?”

“ஓட்டை விழுந்தா உள்ள இருக்கிறது மொதல்ல உங்க மூஞ்சியிலதான் அடிக்கும். நான் பாத்திருக்கேன்க்கா. ஒரு ஆளு அப்படியே போனான்.”

“இம்புட்டு நாளா ஒண்ணும் ஆகல. நீ வந்து ஸ்கேன் எடுத்த பெறகுதேன் ஆகப்போகுதா? அம்புட்டுப் பேரும் ஆறின சோத்தத் திம்பாகளா? அந்த மேடம் புள்ள காலையிலயும் சாப்பிடாம வருது, தெரியுமா ஒனக்கு?”

“நான் எடுத்து வைக்கிறேன். நீங்க தள்ளி நில்லுங்க.”

“ஓஹோ. சாவியக் கேக்குறியா? அப்படிச் சொல்லு.”

அன்று என் டிபன் மட்டும் ஆறிக் கிடந்தது. மறுநாளும் அப்படித்தான். நாடாவை நான் கட்டுவதும் அவர் மடித்து வைப்பதுமாக நடந்தது. மேடம் சொன்னால் சரிம்மா என்பார், அவர் தலை மறைந்ததும் கதவு திறக்கும். மற்றவர்களோ சாப்பாட்டு நேரத்தில் யார் பக்கம் பேசுவார்கள்? சூடான சோறு கொடுப்பவர் பக்கம்தான். இந்தப் பிடிவாதத்துக்கு நடுவில் ஒருநாள் அந்த அடிப்பக்கம் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு வேலையே ஓடவில்லை. கிளம்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். என் வழக்கம் அதுதான். ஆனால் போன பிறகு எந்த ஊரில் சோற்றில் கை வைத்தாலும் இந்தக் கதவுதான் கண்ணில் நிற்கும் என்று தெரிந்தது.

விஷயம் வேறு வழியில் தீர்ந்தது. ஒரு மத்தியானம் சாப்பாடு முடிந்து கைகழுவும் குழாயடியில் அக்கா உட்கார்ந்து, கால் விரலில் இருந்த மெட்டியைப் பல்பொடி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேடம் டிபன் பாக்ஸ் கழுவ வந்தார். நான் பின்னால் நின்றேன். என்னைப் பார்க்காத மாதிரி மேடத்திடம் மட்டும் அக்கா பேசினார்.

“நாசமாப் போன தண்ணி. இப்பத் தேச்சா வெள்ளையாகும். ரெண்டு நாள்ல கரிக்கட்ட.”

“கவரிங் மெட்டியாக்கா?”

“யாரப் பாத்துக் கவரிங்குங்குற? அசல் வெள்ளி. எங்க அண்ணன் செஞ்சு போட்டது. நாத்தனா சொல்லுது, ஒனக்கு ஒடம்புச் சூடு, எளநி குடின்னு. குடிச்சுக் குடிச்சு வயிறு குளுந்துபோச்சு. மெட்டி குளுந்தபாடில்ல.”

“வீட்டுல வேற யாருக்காச்சும் கறுக்குதா?”

“எம்மருமக மெட்டி பளபளங்குது. அதே தண்ணியிலதேன் குளிக்கிறா.”

மேடம் பாக்ஸைக் கீழே வைத்தார். கையை நீட்டினார். அவர் விரலில் அவருடைய அத்தா கொடுத்த வெள்ளி மோதிரம் இருந்தது, கழற்றவே மாட்டார். அதை அக்காவின் காலுக்குப் பக்கத்தில் வைத்தார். மோதிரம் லேசாக மங்கியிருந்தது, அவ்வளவுதான். அக்கா தேய்க்காமல் விட்டிருந்த அடுத்த கால் மெட்டி அடுப்புக்கரி மாதிரி இருந்தது.

“நானும் இதே ஆலையிலதான்க்கா இருக்கேன்,” என்றார் மேடம் மெதுவாக. “எல்லா எடத்துக்கும்தான் போறேன். நீங்க நிக்கிற எடத்துல மட்டும் நான் நிக்கிறதில்ல.”

அக்கா தன் காலைப் பார்த்தார். பிறகு கதவு இருக்கும் பக்கம் பார்த்தார். பல்பொடி கையில் அப்படியே இருந்தது.

வெள்ளியைக் கறுப்பாக்குவது அந்த முட்டை நாற்ற வாயுதான். ஏற்கெனவே நாறுகிற ஆலையில் அது தனியாக மூக்குக்குத் தெரியவில்லை. வாயு கசிந்தால் கத்தும் அலாரம் ஒன்று டவரின் அடியில் இருந்தது, ஆனால் கன்னிவாடி மலைப்பக்கத்துக் காற்று எதிர்த்திசையில் தள்ளிக்கொண்டிருந்ததால் அது வாயே திறக்கவில்லை. மேடம் அறைக்கு ஓடிப்போய்க் கையில் பிடிக்கும் மீட்டரைக் கொண்டுவந்தார். பக்கத்துத் தோப்பிலிருந்து நான் ஒரு தொரட்டியை வாங்கி வந்தேன். அதன் நுனியில் மீட்டரைக் கட்டி, காற்று வருகிற பக்கமாகத் தள்ளி நின்று, குழாயின் அடியில் தரையை ஒட்டி நீட்டினோம். தேங்காய் பறிக்கிற கம்பில் கட்டிய அந்தக் குட்டிப் பெட்டி கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்தார். “என்னங்க அது?”

“உங்க வீட்டுப் புளிக்குழம்பு சார்,” என்றேன். வாய் சும்மா இருக்கவில்லை.

அவர் சிரிக்கவில்லை. மீட்டரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். “நிறுத்துங்க. இப்பவே நிறுத்துங்க. வண்டிக்காரங்ககிட்ட நான் பேசிக்கறனுங்க.” ஆலை நின்றது. நியாயமான மனிதர், வீட்டுக் குழம்புதான் கொஞ்சம் தண்ணி.

எல்லாம் ஆறி, உள்ளே இருந்த வாயுவை வெளியேற்றிச் சோதித்த பிறகு அந்தத் துண்டை அறுத்து எடுத்தோம். கதவு இருந்த நீளத்துக்கு அடிப்பக்கம் புழு அரித்த கத்திரிக்காய் மாதிரி குழிகுழியாக இருந்தது. ஒரு குழியில் ஊசி நுழையும் ஓட்டை, துருவே அதற்கு அடைப்பானாக இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விட்டிருந்தது. இரண்டு பக்கமும் கிளாஸ் வூல் இருந்த இடத்தில் இரும்பு கிட்டத்தட்டப் புதிதாக இருந்தது.

அக்காவுக்கு நம்ப முடியவில்லை. “அது எப்படி நம்ம கதவுக்கு நேரா மட்டும் அரிக்கும்? அந்தப் பிட்டர் நல்லாத்தேன வேல செஞ்சான்?”

மேடம் ஒரு டிபன் பாக்ஸ் மூடியைக் கவிழ்த்துக் காட்டினார். “சூடா சோத்தப் போட்டு மூடினா, மூடிக்கு உள்பக்கம் முத்து முத்தாத் தண்ணி கோக்குதுல்ல? ஏன்? மூடி சோத்தவிட ஆறி இருக்கு. இந்தக் கொழாயும் அப்படித்தான். மத்த எடமெல்லாம் போத்தி இருக்கு, உள்ள ஆவி ஆவியாவே போயிருது. இங்க மட்டும் போர்வைய எடுத்துட்டோம். அதுக்கு மேல ஆறின டிபன வேற வச்சோம். உள்ள தண்ணி கோத்துச்சு. அந்தத் தண்ணி கெட்ட வாயுவக் குடிச்சு அமிலமாகி அடியில ஓடிச்சு. இரும்பத் தின்னுச்சு.”

அக்கா அந்த மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “அப்ப நாம சாப்பிடச் சாப்பிட அதுவும் சாப்பிட்டிருக்கு.”

“ஆமாக்கா.”

“நம்மள விட நல்லாச் சாப்பிட்டிருக்கு, போ.”

புதுக் குழாய் வந்தது. இந்தத் தடவை எவர்சில்வர் வகை. முழுசாகக் கிளாஸ் வூல் சுற்றி, தகடு மூடி, ஓர் ஊசிகூட நுழைய இடமில்லாமல் அடித்தோம். ஆலை ஓடியது. மதியம் எல்லாரும் ஆறின சோற்றைப் பிசைந்துகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மேனேஜரின் கொள்ளு ரசம் ஆடை கட்டியிருந்தது. அவர் இரண்டு வாய் சாப்பிட்டார், டிபனை மூடினார், மேடத்தைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க மேடம், பாய்லர்ல இருந்து சுடுதண்ணி சும்மாதானுங்க வடியுது?”

அந்த வாரமே சாப்பாட்டுக் கொட்டகையில் ஓர் எவர்சில்வர் தொட்டி வந்துவிட்டது. பாய்லர் சுடுதண்ணீர் அடியில் ஓடும், மேலே தட்டு, தட்டில் டிபன் பாக்ஸ்கள். பழைய கதவைக் கீலோடு கழற்றி வந்து தொட்டிக்கு மூடியாகப் பொருத்தினேன். நல்ல கதவு, வீணாக்க மனம் வரவில்லை. பூட்டும் அதே பூட்டு. சாவியை அக்காவிடம் நீட்டினேன். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, “நாளைக்கு ஒம் பொட்டலத்தையும் கொண்டா,” என்றார். சமாதானம் அவ்வளவுதான்.

ஆனால் தொட்டி வந்ததோடு அவர் விடவில்லை. வாரத்துக்கு ஒருமுறை பெருக்குமாறைக் கையில் பிடித்தபடி புதுக் குழாயின் பக்கத்தில் போய்ச் செத்த நேரம் நின்றுவிட்டு வந்து எனக்கும் மேடத்துக்கும் காலைக் காட்டுவார். “பாத்துக்க. வெள்ள.” அங்கே போய் நிற்காதீர்கள், அதற்குத்தான் புது அலாரம் வைத்திருக்கிறோம் என்று மேடம் தலையில் அடித்துக்கொள்வார். “அது மிஷினு. எம் மெட்டி எங்கண்ணன் போட்டது,” என்பார் அக்கா.

தை பிறந்ததும் எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்தது. கடலோரத்தில் மறுபடி ஒரு ஷட்டவுன், கான்ட்ராக்டர் கூப்பிட்டார், கிளம்பிவிட்டேன். கிளம்பும்போது மேடம் ஒரு ஜோடி நல்ல கையுறை கொடுத்தார். அக்கா எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தார். நகைக்கடைத் தெருவில் இறங்கி நானே ஒரு வெள்ளி மோதிரம் வாங்கிப் போட்டுக்கொண்டேன். கூட வேலை செய்கிறவர்கள் என்ன, திடீரென்று பெரிய மனுஷனாகிவிட்டாயா என்று கேட்கிறார்கள். சிரித்துவிட்டு, காலையில் வேலைக்கு இறங்கும் முன்னும் ஏறிய பின்னும் அதை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தார்.

“என்னப்பு, சாப்டியா?”

“சாப்டேன்க்கா. ஆறிப்போன சோறுதான்.”

“இங்க மட்டும் என்ன வாழுது? அந்தத் தொட்டியில கொழாய் மாதிரிச் சூடேற மாட்டேங்குது. மேனேஜர் ரசம் வெதுவெதுன்னு நிக்குது, மொனங்கிக்கிட்டே குடிக்கிறாரு.”

“மெட்டி?”

“அது வெள்ளையாத்தேன் இருக்கு,” என்றார், ஏதோ அதிலும் கொஞ்சம் குறை இருப்பது போல.